தாம்பூலப் பைக் கணக்கு

"இந்த இரசாயனக் கணக்கு மட்டும் எனக்கு வராது, மாமா!" என்று நோட்டை மூடிவிட்டான் என் அக்கா மகன். பதினோராம் வகுப்பு மாணவன். சென்ற டிசம்பரில் குன்னூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்த சங்கதி இது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். '12 கிராம் கரி முழுவதும் எரிந்தால் எத்தனை கிராம் கரியமில வாயு கிடைக்கும்?' என்பது கேள்வி. கரியைச் சுத்தமான கார்பன் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 'ஒரு கார்பனுக்கு ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு. ஆகவே 12-ம் 12-ம் 24' என்று எழுதியிருந்தான். இந்தத் தவற்றைச் செய்யாத மாணவர் அபூர்வம்.

"கல்யாண வீட்டில் தாம்பூலப் பை போடுகிறாய். பைக்கு ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம். நூறு பைக்கு என்ன வேண்டும்?"

"நூறு தேங்காய், இருநூறு பழம்."

"நூறு கிலோ தேங்காயும் இருநூறு கிலோ பழமும் என்று சீட்டு எழுதலாமா?"

பையன் சிரித்துவிட்டான். "அது எப்படி, மாமா? எண்ணிக்கை வேறு, எடை வேறு ஆயிற்றே!"

விஷயம் அவ்வளவுதான். சமன்பாடு சொல்வது எண்ணிக்கையை. நம் தராசு காட்டுவது எடையை. இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவது மோல். டஜன் என்றால் 12 அல்லவா? மோல் என்றால் 6-க்குப் பின் 23 பூஜ்யம் போட்டதைவிடச் சற்று அதிகம். அத்தனை கார்பன் அணுக்களின் எடை 12 கிராம். அத்தனை ஆக்ஸிஜன் அணுக்களின் எடை 16 கிராம். கரியமில வாயுவில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்ஸிஜன். எனவே 12-ம் 32-ம் சேர்ந்து 44 கிராம்.

எந்தக் கணக்கு வந்தாலும் மூன்றே படிகள். எடையை மோலாக்கு, சமன்பாட்டைப் பார்த்து மோலுக்கு மோல் எழுது, திரும்பவும் எடையாக்கு. 3 கிராம் கரி என்றால் கால் மோல். கால் மோல் கரியமில வாயு வரும். அதன் எடை 11 கிராம்.

"வாழைப்பழம் தட்டுப்பாடானால்?" என்று கேட்டேன்.

"பைக்கு ஒன்றுதான் போட முடியும்."

"அதுதான் கார்பன் மோனாக்ஸைடு. காற்றுப் போதாமல் கரி எரிந்தால் உண்டாவது. 12-ம் 16-ம் 28 கிராம்."

அப்போது அக்கா கணப்புச் சட்டியுடன் வந்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகளும் பச்சைக் குழந்தையும் படுக்கும் அறைக்கு அது. "குளிர் தாங்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வாடா" என்றாள்.

பையன் ஜன்னலுக்குப் போகவில்லை; பென்சிலை எடுத்தான். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. சுமார் 28,000 லிட்டர் காற்று. சட்டியில் 120 கிராம் கரி எரிந்து, அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் காற்றுப் போதாமல் எரிந்தால் 12 கிராம், அதாவது ஒரு மோல். ஒரு மோல் வாயு அறை வெப்பத்தில் சுமார் 24 லிட்டர் இடம் கொள்ளும். பத்தாயிரத்தில் எட்டுப் பங்குக்கும் மேல்!

"இது ஆபத்தா, மாமா?"

ஆபத்துதான். அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். இந்த அளவே சில மணி நேரத்தில் தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

"இவன் கணக்கையா நம்புகிறாய்?" என்றாள் அக்கா. நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. சட்டி வாசலுக்குப் போயிற்று. குழந்தைக்கு இன்னொரு கம்பளி வந்தது.

மாணவ நேயர்களுக்கு ஒரு கணக்கு: 6 கிராம் கரி முழுவதும் கார்பன் மோனாக்ஸைடாக மாறினால் எத்தனை கிராம்? விடை 14. போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் கணப்புச் சட்டி இருந்தால் இன்றிரவு அது எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.