வைப்பரும் ஆயுதம்தாங்க!

ஆயுத பூஜை வந்தா நம்ம காஞ்சிபுரத்துல காருக்கெல்லாம் ராஜ மரியாதை. கண்ணாடியில சந்தனம், குங்குமம், முன்னாடி மாலை, டயருக்கடியில எலுமிச்சம்பழம். வைப்பரை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கறதில்லை. அடுத்த சில வாரத்துல வடகிழக்குப் பருவமழை மக்களே!

காந்தி ரோட்டுல கல்யாணப் பட்டுக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கறவங்க, சில நூறு ரூபாய் பிளேடுக்கு "இன்னும் ஒரு வருஷம் ஓடும்"ங்கறாங்க. ஓடாது சார். வெயில்ல ரப்பர் இறுகி வெடிச்சிடும். அப்புறம் துடைக்காது, கோடு கோடா இழுக்கும். ராத்திரி மழையில வெள்ளைகேட் தாண்டி ஹைவேயில ஏறி, முன்னாடி போற லாரி சேத்துத் தண்ணியை வாரி அடிச்சா ரோடே தெரியாது.

"மெதுவா போயிடுவோம்"னு ஒரு கோஷ்டி. மெதுவா போனாலும் நிக்கற வண்டி கண்ணுக்குத் தெரியணுமே? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 101-வது விதியே வைப்பருக்குத்தான். சும்மாவா போட்டான்?

வாரம் ஒருதரம் ஈரத்துணியால ரப்பர் விளிம்பைத் துடைங்க. தூசி படிஞ்ச காஞ்ச கண்ணாடியில வைப்பர் போடாதீங்க, கீறல் விழும். கோடு விழ ஆரம்பிச்சா பிளேடை மாத்துங்க.

பொட்டு வைக்கறது அப்புறம். முதல்ல புது ரப்பர் :-)