நடுவர் வேண்டாத சுவர்

நோயாளிகளும் உடனிருப்போரும் வரையும் ஓவியங்களை நமது மருத்துவமனையில் காட்சிக்கு வைக்கலாம் என்றும், நடுவர் குழு ஒன்று அவற்றுள் சிறந்தவற்றைத் தேர்ந்து பரிசளிக்கலாம் என்றும் ஒரு யோசனை எழுந்துள்ளது. காட்சியை மனமார வரவேற்கிறேன். நடுவர் குழு வேண்டாம் என்பதே என் கருத்து.

என் கணவருக்கு வாரம் மும்முறை டயாலிசிஸ் நடைபெறுகிறது. அந்த நான்கு மணி நேரமும் நான் அருகிலமர்ந்து பென்சிலால் வரைவேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு நான் அனுப்பிய ஓவியம் ஏற்கப்படாமல் திரும்பியது. காரணம் எதுவும் கூறப்படவில்லை. அதன்பின் இரண்டாண்டுகள் நான் வண்ணத்தைத் தொடவே இல்லை. இழப்பு எனக்குத்தான், அந்த நடுவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

அந்நாள்களில் எனக்குத் துணையாயிருந்தது மேரி கசாட் என்னும் ஓவியரின் வரலாறு. அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர் அவர். அக்காலத்தில் அங்கே ஓவியர் ஒருவர் பெயர் பெறுவதற்குரிய பெருவழி, ‘சலோன்’ என்ற கண்காட்சியில் நடுவர்களால் தேர்ந்தெடுக்கப்படுவதே. 1868இல் அவருடைய ஓவியம் அங்கு இடம்பெற்றது. 1875இல் ஓர் ஓவியம் மறுக்கப்பட்டது. அதன் பின்னணியை இருண்ட நிறமாக்கி மறு ஆண்டு அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள்! 1877இல் அனுப்பியவை அனைத்தும் மறுக்கப்பட்டன. அவ்வேளையில் ஓவியர் தெகா, இம்ப்ரெஷனிஸ்ட் குழுவினரோடு சேர்ந்து காட்சி வைக்குமாறு அவரை அழைத்தார். நடுவர் குழுவும் பதக்கமும் இல்லாத காட்சி அது. 1879இல் அவர்களோடு தம் ஓவியங்களை வைத்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் வரைந்தது தம் தமக்கை லிடியாவை. லிடியா செய்தித்தாள் படிக்கிறார். தோட்டத்தில் அமர்ந்து நூல் பின்னுகிறார். அவருக்குச் சிறுநீரக நோய் இருந்தது, 1882இல் காலமானார். நோயுற்ற ஒருவரின் அருகிலிருந்து, அவருடைய அன்றாடத்தைக் கவனித்துப் பார்த்த கண்களை அந்த ஓவியங்களில் காண்கிறேன். நம்மில் பலருக்கும் அத்தகைய கண்கள் வாய்த்திருக்கின்றன.

1904இல் பென்சில்வேனியா நுண்கலைக் கழகம் அளிக்க முன்வந்த பரிசை, நடுவரும் பரிசும் வேண்டாம் என்ற கொள்கையின் பேரில் கசாட் ஏற்க மறுத்தார். தாம் இளமையில் பயின்ற கழகம் அது என்பதும் அவரைத் தடுக்கவில்லை.

நடுவர்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவர் சிறிது, ஓவியங்கள் பல என்றால் யாரேனும் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். கசாட்டுக்கு முதல் வாயிலைத் திறந்ததும் நடுவர் குழுவே. ஆனால் மருத்துவமனை வேறு இடம். இங்கு வருவோர் ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையின் முடிவையும் மருத்துவர் சொல்லையும் நாம் மதித்தே ஆக வேண்டும். அவை உடலைக் காப்பவை. நடுங்கும் கையால் ஒருவர் வரைந்த மாமரத்திற்கும் ஒரு முடிவு எதற்கு? ‘தேர்வாகவில்லை’ என்ற சொல்லை, ஊசி ஏறிய கையோடு அவர் ஏன் கேட்க வேண்டும்?

ஆகவே என் வேண்டுகோள் எளியது. புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு சுவரை ஒதுக்குங்கள். வரும் ஓவியங்களை வந்த வரிசையில் மாட்டுங்கள். இடம் நிறைந்தால் மாதந்தோறும் மாற்றுங்கள். வரைந்தவர் விரும்பினால் மட்டும் பெயரை எழுதுங்கள். பரிசுக்கென ஒதுக்கும் தொகையில் தாளும் வண்ணப் பென்சிலும் வாங்கி வார்டுகளுக்குக் கொடுங்கள்.

வாசகர்களே, முன்பு எப்போதோ யாரோ ‘போதாது’ என்று சொன்னதால் நீங்கள் நிறுத்தியது ஏதேனும் இருந்தால், காத்திருக்கும் இந்த நேரத்தில் அதை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.