கம்ப்யூட்டர் படித்தாயா? ஒரு லெட்டர் அடித்துக் காட்டு!

பிளஸ் 2 ரிசல்ட் வந்தால் போதும். சென்னையில் எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் நோட்டீஸ்தான்.

"30 நாளில் கம்ப்யூட்டர்! 100 சதவீத வேலை உத்தரவாதம்! சீட்டுகள் குறைவு, முந்துங்கள்!"

முந்துகிறவர்கள் யார்? வியாசர்பாடியில் கொத்து வேலைக்குப் போகிற அப்பாவின் மகள். கண்ணகி நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் மகன். காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து பீஸ் கட்டுகிறார்கள்.

மாதங்கள் ஓடுகின்றன. தங்க நிற பார்டர் போட்ட சர்டிபிகேட் கைக்கு வருகிறது. அதை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் வேலை கேட்டுப் போகிறாள்.

மேனேஜர் சர்டிபிகேட்டைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அந்த சீட்டில் உட்காரும்மா. இந்த லெட்டரை அடித்துக் காட்டு" என்கிறார்.

அவ்வளவுதான். பெண்ணுக்கு வெலவெலத்துப் போகிறது!

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுகிறாள். பத்து வரிக்கு அரை மணி நேரம். "சரி, எங்கே ஸேவ் பண்ணினே?" என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறாள். "சொல்லி அனுப்புறோம்மா" என்கிறார் மேனேஜர். சொல்லி அனுப்புவதே இல்லை.

இது அந்தப் பெண்ணின் குற்றமா? இல்லவே இல்லை! நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். வாத்தியார் போர்டில் எழுதுகிறார், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கிணற்றங்கரையில் உட்கார்ந்து நோட்டு எழுதி நீச்சல் படித்த கதை இது.

செல்போன் வித்தை செல்லாது

"எங்க பையன் செல்போனில் புலி, கம்ப்யூட்டர் எம்மாத்திரம்?" என்று பெருமைப்படுகிற பெற்றோர் உண்டு. செல்போனில் கட்டை விரல் பறக்கிறது, வாஸ்தவம். ஆனால் செல்போன் எதை எங்கே வைத்தது என்று யாரும் தேடிப் போவதில்லை. ஆபீசில் தேடித்தான் ஆக வேண்டும். போன மாத பில் எந்த போல்டரில் இருக்கிறது? திருத்திய காப்பி எது, திருத்தாதது எது? முதலாளிக்கு எதை அனுப்பினாய்? வேலையே இதில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரி ரிசப்ஷன், கொரியர் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ், பாரிமுனை மொத்தக் கடை பில்லிங் என்று முதல் வேலை தருகிற இடங்கள் கேட்பது கொஞ்சம்தான். பார்க்காமல் டைப் அடிக்க வேண்டும். தப்பில்லாமல் ஒரு கடிதம். கணக்குப் போட்ட ஒரு ஷீட். இணைப்போடு ஒரு இ-மெயில். பிரிண்ட் எடுக்க வேண்டும், பேப்பர் சிக்கினால் பதறாமல் எடுக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் தனி மெஷினில் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் கை பழகிவிடும். அந்தத் தனி மெஷின்தான் கிடைப்பதில்லை.

எக்செல் ஷீட்டில் போன பணம்

எக்செல் தெரியும் என்று சொல்கிறவர்களில் ஒரு வேடிக்கை. பக்கத்தில் கால்குலேட்டரை வைத்துக் கூட்டிவிட்டு, விடையை மட்டும் ஷீட்டில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்! கூட்டுவதற்கென்றே பிறந்த ஷீட் அது. தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் கியூ நிற்பது போல.

இது வேடிக்கை. அடுத்தது வினை.

வங்கிக் கணக்கு நம்பரை அப்படியே அடித்தால், முன்னால் இருக்கிற பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் 16வது இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பூஜ்யமாக மாற்றிவிடும். 12 இலக்க ஆதார் நம்பரை நடுவில் புள்ளியும் இங்கிலீஷ் 'இ' எழுத்துமாக விசித்திரமாகக் காட்டும். அந்த ஷீட்டை நம்பி சம்பளம் போட்டால் என்ன ஆகும்? பணம் திரும்பி வரும். இல்லாவிட்டால் வேறு எவர் கணக்குக்காவது போய்ச் சேரும். பழி அடித்த பெண்ணின் தலையில்!

தடுக்க ஒரு நிமிஷம் போதும். அடிப்பதற்கு முன்னால் அந்தக் காலத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்ற வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்காமல், கம்ப்யூட்டரின் தந்தை யார் என்று பரீட்சை வைத்து என்ன பிரயோஜனம்?

"இப்பதான் ஏ.ஐ. வந்துடுச்சே, லெட்டரை அதுவே எழுதித் தருமே" என்று கேட்கிற தம்பிமார்களும் உண்டு. தரும். தேதியையும் தொகையையும் தப்பாகப் போட்டும் தரும். அதைச் சரிபார்த்துத் திருத்த ஆள் வேண்டாமா?

தமிழில் அடிக்கத் தெரியுமா?

இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி அடிக்கிற பிள்ளைகூட, தமிழ் என்றால் கையைத் தூக்கிவிடுகிறது. இது அநியாயம்! 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு 'தமிழ் 99' விசைப்பலகையை அறிவித்தது. உயிரெழுத்து இடது கைப் பக்கம், மெய் வலது கைப் பக்கம். 31 விசையில் தமிழ் எழுத்து அத்தனையும் வந்துவிடும். 2010-ல் யூனிகோடையும் அரசு ஏற்றுக்கொண்டது.

ஆனால் இன்றும் பழைய பாண்டில் அடித்துக் கொடுக்கிற ஆபீஸ்கள் இருக்கின்றன. அந்த பைலை இன்னொரு மெஷினில் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி புரியாத எழுத்து. எது பழைய பாண்ட், எது யூனிகோட், ஒன்றை மற்றதாக மாற்றுவது எப்படி என்று தெரிந்த பிள்ளைக்கு இந்த ஊரில் மதிப்பு உண்டு. டி.டி.பி. கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எது அங்கீகாரம்?

'அரசு அங்கீகாரம்' என்று பெரிய போர்டு வைத்திருப்பார்கள். கேட்டால் ஒரு பதிவு நம்பரைக் காட்டுவார்கள். அது டிரஸ்ட் பதிவு செய்த நம்பராக இருக்கும், சிறுதொழில் பதிவு நம்பராக இருக்கும். டீக்கடைகூட சிறுதொழிலாகப் பதிவு செய்யலாம். பாடத்துக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லை!

அரசு டைப்பிஸ்ட் வேலைக்கு குரூப் 4 எழுதுகிறவர்கள் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். அதோடு 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்கிற சர்டிபிகேட்டும் வேண்டும். சுருக்கமாக சி.ஓ.ஏ. பரீட்சை வைத்துத் தருவது மாநிலத் தொழில்நுட்பக் கல்வித் துறை. மத்திய அரசின் நீலிட் நிறுவனம் சி.சி.சி. என்று 80 மணி நேரப் பாடத்துக்குப் பரீட்சை வைக்கிறது. எந்த சென்டரிலும் சேராமல் நேரடியாகவே விண்ணப்பம் போடலாம்.

தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை ஏளனமாகப் பார்க்காதீர்கள். அங்கே கீ போர்டைப் பார்த்து அடித்தால் டீச்சர் விடமாட்டார். லோயரும் ஹையரும் பாஸ் பண்ணின விரல், கம்ப்யூட்டரில் வெண்ணெயில் கத்தி போல இறங்கும்.

வலை விரிக்கும் ஆசாமிகள்

அரைகுறையாகப் படித்து வேலை கிடைக்காமல் இருக்கிற பிள்ளையைத் தேடி இன்னொரு கூட்டம் வருகிறது. செல்போனுக்கு ஒரு மெசேஜ். "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை! தினமும் இரண்டு மணி நேரம் போதும்!"

ஆதார் அட்டை காப்பி கேட்பார்கள். ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நூற்றுக்கணக்கான பக்கம் அடிக்கக் கொடுப்பார்கள். ராப்பகலாகக் கண் விழித்து அடித்து முடித்தால், "தப்பு அதிகம், நஷ்டஈடு கட்டு" என்று மிரட்டல்! வக்கீல் என்று ஒரு குரல். கோர்ட் நோட்டீஸ் என்று ஒரு காகிதம். வெளியே சொன்னால் மானம் போகும் என்று அம்மாவின் தாலியைக்கூட அடகு வைத்துக் கட்டுகிற பெண்கள் உண்டு.

கட்டாதீர்கள்! 1930 என்ற நம்பருக்கு உடனே போன் போடுங்கள். சைபர் குற்றத்துக்கென்றே உள்ள நம்பர் அது. வேலை தருகிறவன் சம்பளம் கொடுப்பானே தவிர, உங்களிடம் பணம் கேட்கமாட்டான்.

இதைவிடக் கொடுமையும் நடந்தது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழக வாலிபர்களை மியான்மரில் மியாவாடி என்ற இடத்துக்குக் கடத்திப்போய் அடைத்தார்கள். ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி சித்ரவதை. அந்த ஆண்டு அக்டோபரில் சிலர் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக்கூடாது.

பூட்டைத் திறங்கள்!

பெற்றோர்களே, பீஸ் கட்டுமுன் ஒரு நாள் வகுப்பு நேரத்தில் போய் வாசலில் நின்று பாருங்கள். தலைக்கு ஒரு மெஷின் இருக்கிறதா? பிள்ளைகள் கை வைக்கிறார்களா, வேடிக்கை பார்க்கிறார்களா? கட்டின பணத்துக்கு ரசீது தருகிறார்களா? ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் பீரோ மேல் தூங்கினால் தூசி தட்டுங்கள். அதில் காசில்லாத லிபர் ஆபீஸ் போட்டாலே கடிதமும் கணக்கும் பழகலாம்.

சர்க்காருக்கும் ஒன்று. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். பள்ளி விட்ட பிறகு அந்த மெஷின்களுக்கு என்ன வேலை? மாலை 5.30 முதல் 8.30 வரை திறந்துவிட்டால் என்ன? டைப்ரைட்டிங் தெரிந்த ஒருவருக்கு சம்பளம், ஒரு வாட்ச்மேன், கொஞ்சம் கரண்ட். செலவு இவ்வளவுதான். "மவுஸ் காணாமல் போனால் யார் பொறுப்பு?" என்று பைலில் எழுதுவார்கள். மவுஸ் போனால் வேறு வாங்கலாம்.

ராத்திரி எட்டரைக்கு பெண் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும். தெரு விளக்கு எரிய வேண்டும், பஸ் வர வேண்டும். புளியந்தோப்பில் இரண்டையும் மாநகராட்சியும் போக்குவரத்துக் கழகமும் முதலில் கவனிக்கட்டும். கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டி ஊரை அசிங்கப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த "100 சதவீத உத்தரவாத" போஸ்டர்களைக் கிழிக்கப் புதுச் சட்டம் தேவையில்லை.

முதலில் வட சென்னையில் பத்துப் பள்ளிக்கூடங்களில் மட்டும் திறந்து பாருங்கள். லேப் சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது. உத்தரவு கோட்டையிலிருந்து வர வேண்டும்.