முட்டைக் கணக்கு

மாடிசன் குளிர்ல நம்ம வீட்டுக்காரப் பாட்டி நாலு கோழி வளர்க்குறாங்க மக்கா. லெகார்ன் போட்டா வெள்ளை முட்டை, அமராக்கானா போட்டா நீலம். சிவப்பிக்கும் கறுப்பிக்கும் மட்டும் ஒரே பழுப்பு. அங்கதான் வந்துச்சு வினை.

அக்டோபர்ல பழுப்பு முட்டை குறைஞ்சுபோச்சு. "கறுப்பிக்கு வயசாச்சு, சூப்புதான்"னு பாட்டி முடிவு கட்டிட்டாங்க. எனக்குப் பக்குனு ஆச்சு. தினமும் என் காலைச் சுத்துறது அதுதானே!

ரெண்டு வாரம் டைம் வாங்கினேன். எங்க ஆச்சியா இருந்தா காலைல விரலை விட்டுப் பாத்தே சொல்லிரும். நமக்கு அந்தத் தைரியம் ஏது? ஆய்வறிக்கைக்குத் திறக்காத எக்செல்லைக் கோழிக்குத் திறந்து, ஜன்னல் பக்கத்துலயே உக்காந்துட்டேன்.

கறுப்பி முதல் நாள் 8 மணி, மறுநாள் 10, அடுத்து 12, அப்புறம் ஒருநாள் லீவு, திரும்பவும் காலைல. ஒரு முட்டை உருவாக 25, 26 மணி நேரம் ஆகும். அதான் நேரம் தள்ளிக்கிட்டே போகுது.

சிவப்பி? ரெண்டு வாரமும் சைபர்!

கறுப்பியைக் காப்பாத்தப் போய் சிவப்பியை மாட்டி விட்டுட்டேனேன்னு ஆயிடுச்சு. நல்லவேளை, கூண்டு பூரா அதோட இறகு. பகல் சுருங்குனா பழசை உதிர்த்துட்டு முட்டையை நிறுத்திடும். டிசம்பர்ல இங்க பகல் 9 மணி நேரம்தான். நல்லா முட்டை போட 14 மணி நேரமாச்சும் வெளிச்சம் வேணும்.

"வசந்தம் வரட்டும் பாட்டி, போடும்"னேன்.

"அப்போ சூப்?"

மிளகு ரசம் வெச்சுக் குடுத்திருக்கேன். மார்ச் வரைக்கும் தாங்கணும்.