ஒன்பதாம் மாதத்து ஊசியும் முதல் பல்லும்

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், தள்ளிப்போனாலும் முதல் பிறந்த நாளுக்குள், குழந்தையைப் பல் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நாம் எல்லோரும் படித்ததுதான், தேர்வில் எழுதியதுதான். அந்த வயதில் நம் கிளினிக்குக்கு எத்தனை குழந்தைகள் வருகிறார்கள் என்று ஒவ்வொருவரும் தம் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். வருவதெல்லாம் நான்கு வயதில், ஐந்து வயதில்தான். கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழுது களைத்து. அதற்குள் மேல் முன்பற்கள் நான்கும் ஈறு மட்டத்துக்குக் கரைந்திருக்கும், கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருக்கும். வேர் சிகிச்சை செய்கிறோம், கேப் போடுகிறோம், இல்லையென்றால் பிடுங்குகிறோம். பிள்ளை ஒத்துழைக்காவிட்டால் முழு மயக்கம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடிக்கிறோம். இதிலெல்லாம் நம் கை தேர்ந்திருக்கிறது. ஆனால் நோய் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்போது அந்தக் குழந்தை எங்கே இருந்தது?

தடுப்பூசி போடும் இடத்தில் இருந்தது. தேசிய அட்டவணைப்படி 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் தவணை. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை, கூடவே முத்தடுப்பு ஊக்க ஊசி. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஊசி நாள் என்பது கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் தெரியும். முதல் ஊசியின்போது கீழ் முன்பற்கள் வந்திருக்கும், மேல் முன்பற்கள் எட்டிப் பார்க்கும். இரண்டாவதுக்கு வரும்போது முதல் கடைவாய்ப் பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். பல் மருத்துவரிடம் வராத குழந்தை இந்த இரண்டு நாளும் அரசின் கணக்கில் தவறாமல் வந்து நிற்கிறது. குழந்தைகள் பல் மருத்துவம் இனித் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

அங்கே பார்ப்பதற்குப் பல் நாற்காலி வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரும் தாயும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே உட்கார வேண்டும். தாய் குழந்தையைத் தன் முகம் பார்க்க மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் சாய்த்தால் தலை செவிலியரின் மடிக்கு வந்துவிடும். கால்கள் தாயின் இடுப்போரம் இருக்கும், கைகளை அவரே பிடித்துக்கொள்வார். குழந்தை அழும். அழுதால் வாய் திறக்கும், பார்ப்பது சுலபம். ஆள்காட்டி விரலால் மேலுதட்டைத் தூக்கி, காஸ் துணியால் பல்லைத் துடைத்துவிட்டு ஈறோரம் பார்க்க வேண்டும். ஈரம் போனதும் சுண்ணாம்பு நிறத்தில், பளபளப்பில்லாமல் ஒரு பட்டை தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில் பல்லை மீட்க முடியும். அடுத்த சில மாதங்களில் அது பழுப்பாகிப் பொத்தலானால் மீட்பது கடினம். பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லினுடையதில் ஏறத்தாழப் பாதிக் கனம்தான்.

இதில் செவிலியருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்ததும் கண்ணில் படுவது கீழ் முன்பற்கள். அவற்றை நாக்கு மூடிக் காக்கிறது, உமிழ்நீரும் அங்கேதான் சுரந்து தேங்குகிறது. அதனால் மேல் பற்கள் கரைந்துகொண்டிருக்கும்போதும் கீழ் பற்கள் வெள்ளையாகவே இருக்கும். உதட்டைத் தூக்காமல் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

அடுத்தது பேச்சு. தாய்ப்பாலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் போகவில்லை. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு எதிராக நாம் பேச வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டியது சர்க்கரை போட்ட புட்டிப் பாலையும், அதை வாயில் வைத்தபடியே குழந்தை தூங்குவதையும், பாலில் நனைத்த பிஸ்கட்டையும், மாதக்கணக்கில் கொடுக்கும் இனிப்பு டானிக்கையும் பற்றி. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் அந்தச் சர்க்கரையைக் கழுவ ஆளில்லை. அம்மா வேலைக்குப் போகும் வீடுகளில் இதையெல்லாம் முடிவு செய்வது பாட்டி. "பாட்டியம்மா, ராத்திரி புட்டி கேட்டா வெறும் தண்ணி மட்டும் ஊத்திக் குடுங்க" என்று அவரிடம் நேரே சொன்னால் வேலை நடக்கிறது. அம்மாவிடம் சொல்லி அனுப்பினால் வீட்டில் ஒரு சண்டைதான் மிச்சம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நண்பர்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. தண்ணீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊரில், பற்களில் பழுப்புக் கறை படிந்த தலைமுறைகளைக் கண்ட பெற்றோரிடம் ஃபுளோரைடு பற்பசையை எப்படிச் சொல்வது? கணக்கோடு சொல்லலாம். நம் நாட்டில் பற்பசையில் 1000 பிபிஎம் ஃபுளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவு, அதாவது 0.1 கிராம் பசை போதும். அது முழுவதையும் விழுங்கினாலும் உள்ளே போவது 0.1 மில்லிகிராம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் ஒரு டம்ளர், 200 மில்லி, குடித்தால் 0.3 மில்லிகிராம். அந்த ஊர்களில் கவலைப்பட வேண்டியது குடிநீரைப் பற்றி. பிரஷ்ஷின் நீளத்துக்குப் பசை பிதுக்கும் விளம்பரப் படத்தைப் பெற்றோர் மனதிலிருந்து அழிப்பதும் நம் பொறுப்பு.

வெள்ளைப் பட்டையைத் தாண்டிப் பொத்தலாகிவிட்ட குழந்தைக்கு இன்று நம்மிடம் 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு இருக்கிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம். உதட்டில் வாசலின் தடவி, பஞ்சு வைத்து, பல்லை உலர்த்தி, ஒரு சொட்டைத் தொட்டு ஒரு நிமிடம் தேய்த்தால் முடிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை. சொத்தை நின்ற இடம் கறுத்துவிடும். இதை முன்கூட்டியே, கறுத்த பல்லின் படத்தைக் காட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பெண் குழந்தை என்றால் "கறுப்பாவா தெரியும், டாக்டர்?" என்ற கேள்வி உடனே வரும். மயக்க மருந்து, செலவு, கறை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு முடிவைக் குடும்பத்திடம் விடுங்கள். இரவு வலியோ சீழோ உள்ள பல்லுக்கு இது உதவாது. அதைத் தரம் பிரிப்பது நம் வேலை.

இந்த இடத்தில் பிரிட்டனில் நடந்த 'ஃபிக்‌ஷன்' ஆய்வை நினைவுபடுத்த வேண்டும். சொத்தை உள்ள 3 முதல் 7 வயது வரையிலான 1144 குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் துளைத்து அடைப்பது, ஒன்றுக்குச் சொத்தையை உள்ளேயே வைத்து மூடுவது, ஒன்றுக்குத் தடுப்பு முறைகள் மட்டும். ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து, 2020-இல் வந்த முடிவில், வலியோ தொற்றோ கண்ட குழந்தைகள் மூன்று பிரிவிலும் 40 முதல் 45 சதவீதம் வரை இருந்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடைப்பதில் பயனில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. சொத்தை வந்த பிறகு எந்த வழியில் போனாலும் ஐந்தில் இரண்டு குழந்தைகள் வலியைச் சந்திக்கிறார்கள் என்பதுதான் நம்மை உலுக்க வேண்டிய செய்தி.

வராமலே தடுக்க முடியுமா என்றால் ஸ்காட்லாந்து செய்து காட்டியிருக்கிறது. அங்கே பள்ளியில் சேரும் ஐந்து வயதுப் பிள்ளைகளில் வெளிப்படையான சொத்தை இல்லாதவர்கள் 2003-இல் 45 சதவீதம். 2018-இல் 71 சதவீதம். 'சைல்ட்ஸ்மைல்' திட்டத்தின் மையம், மழலையர் பள்ளியில் தினமும் ஆசிரியர் கண் முன்னே பல் துலக்குவது. நம் மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பிரஷ்கள் ஒன்றையொன்று தொடாத தாங்கி, பிள்ளையின் பெயரோ படமோ ஒட்டிய பிரஷ், பட்டாணி அளவு பசை. துலக்கியதும் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள மையத்திலும் இது நடக்கும். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு செல்லும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-லிருந்து இருக்கிறது, பல் நோய்களும் அதன் பட்டியலில் உள்ளன. கண்டறிந்து சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு குழந்தையைப் பார்க்க யாராவது காத்திருக்க வேண்டும். அங்கேதான் தனியார் கிளினிக் வைத்திருக்கும் நாமும் கல்லூரிகளும் தேவைப்படுகிறோம்.

ஆகவே வாசகர்களிடம் நேரடியாகவே கேட்கிறோம். உங்கள் கிளினிக்குக்கு மிக அருகிலுள்ள துணை சுகாதார நிலையம் எது என்று விசாரியுங்கள். வட்டார மருத்துவ அலுவலரிடம் அனுமதி பெற்று, ஒரு புதன்கிழமை காலை அங்கே போய்ச் செவிலியருக்கு உதட்டைத் தூக்கிப் பார்க்கும் முறையை நான்கைந்து குழந்தைகளிடம் செய்து காட்டுங்கள். அனுப்பப்படும் குழந்தையை அந்த வாரத்திலேயே, முதல் முறை கட்டணமில்லாமல் பார்ப்பதாக எழுதிக் கொடுங்கள். கல்லூரித் துறைத் தலைவர்கள், பயிற்சி மருத்துவர்களின் முகாம் நாட்களில் ஒரு பகுதியைப் பள்ளியிலிருந்து ஊசி நாளுக்கு மாற்றலாம்; சொத்தையை எண்ணிப் படிவம் நிரப்பும் முகாம்கள் போதுமான அளவு நடந்துவிட்டன. செய்தவர்கள் எத்தனை குழந்தைகளைப் பார்த்தீர்கள், எத்தனை பேர் சீட்டோடு வந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று எழுதி அனுப்புங்கள். வராதவர்களைப் பற்றிய குறிப்புக்கு இந்த இதழில் முதல் இடம் தருவோம்.