பந்தியில் தொடங்கும் சமய நல்லிணக்கம்

தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை பால்குடங்களும் காவடிகளும் செல்லும் காட்சி காண்போர் உள்ளத்தை உருக்க வல்லது. அவ்வரிசையில் மஞ்சளாடை உடுத்து, விரதமிருந்து, பால்குடம் சுமந்து வரும் சீன அன்பர்களையும் காணலாம். வேலவன் சந்நிதியில் அவர்களை எவரும் அந்நியராய்க் கருதுவதில்லை. இக்காட்சியைக் கண்டு பெருமைப்படுவது இயல்பே. எனினும் சமய நல்லிணக்கம் எங்கே தொடங்குகிறது, எதனால் அது நிலைபெறுகிறது என்பதைத் திருக்கோயில் அன்பர்களும் உபயதாரர்களும் இத்திருநாளில் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

செங்காங் நகரையே எடுத்துக்கொள்வோம். 1990களின் பிற்பகுதியில் வீவக அடுக்குமாடிகள் எழுந்து உருவான புதிய பேட்டை இது. ரிவர்வேல் கிரசெண்டில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் விளங்குகின்றது. அதே நகரில் 2009இல் திறக்கப்பட்ட அல் மவத்தா பள்ளிவாசலும், கத்தோலிக்க அன்பர்களின் புனித அன்னம்மாள் தேவாலயமும் உள்ளன. காலையில் ஒரே மின்தூக்கியில் இறங்குவோர், மாலையில் வெவ்வேறு வழிபாட்டு இடங்களுக்குச் செல்கின்றனர். ஆலயத்தின் திருப்பெயரும் கருத்தில் கொள்ளத்தக்கது. ஆகம மரபில் போற்றப்படும் முருகனும், கிராமத்து எல்லையில் காவல் நின்ற முனீஸ்வரனும் அப்பெயரில் ஒன்றுகூடியுள்ளனர். முனீஸ்வரன் உழைப்பாளிகளின் தெய்வம். குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் இரயில்வே தொழிலாளர்களின் வழிபாட்டில் வேரூன்றி வளர்ந்ததேயாகும்.

இந்நாட்டின் நல்லிணக்கம் தானாக வந்ததன்று. மௌலானா அப்துல் அலீம் சித்திக்கியின் வருகையையொட்டி, 1949இல் பல சமயப் பெரியோர் கூடிச் சமயங்களுக்கு இடையிலான அமைப்பை நிறுவினர். இன்று பத்துச் சமயங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் அது தோன்றிய மறு ஆண்டே, 1950 டிசம்பரில், மரியா ஹெர்டோக் வழக்கையொட்டி மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நிகழ்ந்த இனக்கலவரங்கள் 36 உயிர்களைப் பறித்தன. அந்த ஜூலை 21ஆம் நாளே இன்று பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக நினைவுகூரப்படுகின்றது. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நிறைவேறியது.

சட்டம் பகையைத் தடுக்கும். அன்பை வளர்க்கும் ஆற்றல் அதற்கில்லை. பல சமயத் தலைவர்கள் ஒரே மேடையில் அமர்ந்து பொன்னாடை அணிவித்துக்கொள்வது நல்ல தொடக்கம். அத்துடன் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. பிற சமயத்தாரிடம் அன்பு பாராட்டுகின்ற ஒரு சமயம், தன் மக்களுள் எளியவரை எவ்வாறு நடத்துகின்றது என்பதே அதன் உண்மையை உரைத்துப் பார்க்கும் கல்லாகும்.

இவ்விரண்டையும் ஒருசேரச் செய்து காட்டியவர் ஸ்ரீ நாராயண குரு. 1924ஆம் ஆண்டு மகா சிவராத்திரியின்போது, கேரளத்தின் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் அவர் சர்வ சமய மாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த டி. சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். வாதாடி வெல்வதற்கன்று, அறிந்துகொள்வதற்கும் அறிவிப்பதற்குமே அம்மாநாடு என்பது அங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

அதே மார்ச் மாதம் 30ஆம் நாள் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கிற்று. அங்குள்ள சிவாலயத்தைச் சுற்றிய வீதிகளில் நடக்கவும் ஒரு பகுதி மக்களுக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. தொண்டர்கள் தங்குவதற்குக் குரு தம் ஆசிரமத்தையே அளித்தார். தமிழகத்திலிருந்து ஈ.வெ.ரா. சென்று சிறை புகுந்தார். 1936இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் முன்னின்று, மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். பிற சமயத்தாரை ஆசிரமத்திற்கு அழைத்த குரு, சொந்தச் சமயத்தில் அடைபட்டுக் கிடந்த வீதியையும் மறந்தாரல்லர் என்பதே இங்குக் கொள்ள வேண்டிய பாடம்.

அவர் வழிவந்தோர் 1948இல் சிங்கப்பூரில் ஸ்ரீ நாராயண மிஷனைத் தொடங்கினர். ஈசூனிலுள்ள அதன் முதியோர் இல்லத்தில் இனமோ சமயமோ பாராமல் முதியோர் பேணப்படுகின்றனர். ஒரு முதியவருக்கு அங்கே ஊட்டப்படும் ஒரு பிடி சோறு, பல மேடைப் பேச்சுகளுக்கு நிகரான சமய உரையாடலாகும்.

இனி, திருக்கோயில்களின் நிலையை நோக்குவோம். ஞாயிறு தோறும் லிட்டில் இந்தியாக் கோயில்களில் நிறைகின்ற இளைஞர்கள் பலர், கட்டுமானத் தளங்களில் உழைப்பவர்கள். இந்நகரின் அடுக்குமாடிகளும் இரயில் பாதைகளும் அத்தகையோர் வியர்வையில் எழுந்தவை. 2020இல் கொவிட் கிருமித்தொற்று பரவியபோது, விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தொற்றுக்கு ஆளாயினர். பல மாதங்கள் அவர்களால் வெளியே வர இயலவில்லை. கோயில் வாசலை மிதிக்கவும் முடியவில்லை. அவ்வேளையில் உணவும் உதவியும் அனுப்ப மனமுவந்து முன்வந்த கைகள் பல. அந்த இரக்கம் நோய்க்காலத்தோடு நின்றுவிடலாமா?

விழா நாள்களில் உபயதாரர்களுக்கு மாலை மரியாதை செய்வது மரபு. அவர்களின் பொருளுதவியின்றித் திருப்பணிகள் நடவா என்பதும் உண்மை. ஆயின் சிறப்பு வரிசை நீள நீள, பொது வரிசை நகராமல் நிற்கின்றது. மறுநாள் அதிகாலையில் வேலைக்குச் செல்ல வேண்டியவன் தீபாராதனை காணாமலே திரும்புகின்றான். பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவரும் பணிப்பெண் இந்தோனீசியாவையோ பிலிப்பீன்சையோ சேர்ந்தவளாய் இருப்பாள். அவள் வழிபடும் சமயம் வேறாய் இருக்கலாம். பாட்டிக்கு இலை போடுவோர், காலணிகள் கழற்றும் இடத்திலே காத்திருக்கும் அவளை, "நீயும் சாப்பிடம்மா" என்று அழைப்பதுண்டா? சமய உரையாடலுக்கு மாநாட்டு மண்டபம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அது அவ்வாசலிலேயே காத்து நிற்கின்றது. வேண்டாமென்று அவள் மறுத்தால் அவளது உணவு நெறியை மதிப்பதும் அவ்வுரையாடலின் ஒரு பகுதியே.

1867 மே 23ஆம் நாள் வடலூரில் வள்ளற் பெருமான் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. தைப்பூசத்தன்று அங்கே சோதி தரிசனம் காணத் திரள்வோர் பலரும் அந்த அடுப்பையும் கண்டு வணங்குகின்றனர். பசித்தவனிடம் சாதியும் சமயமும் கேளாத நெறி அது.

ஆகவே, திருக்கோயில்கள் செய்யக்கூடியவை சில உள. அன்னதானத்தின் முதற்பந்தி முதியோர்க்கும் உடல் இயலாதோர்க்கும் அவர்களை அழைத்து வருவோர்க்கும் உரியதாகட்டும். வேலை முடிந்து வரும் தொழிலாளர் பொருட்டு இரவிலும் ஒரு பந்தி நடைபெறட்டும். ஆண்டுக்கு ஓர் உபயமேனும் ஊழியர் விடுதிகளுக்குச் செல்லும் உணவாய் அமையட்டும். அக்கம்பக்கத்துப் பள்ளிவாசல், தேவாலயம், சீனக் கோயில் அன்பர்களை விழாவுக்கு அழைத்து, காவடியின் பொருளை எடுத்துரைக்கலாம். அவர்கள் அழைக்கும்போது நாமும் சென்று செவிமடுத்தல் வேண்டும். சிறப்பு வரிசையில் நிற்கும் உபயதாரர் ஒருவர், "முதலில் அவர்கள் செல்லட்டும்" என்று ஒதுங்கி வழிவிட்டால், அதனினும் உயர்ந்த உபயம் வேறில்லை.

அத்தகைய மனத்தை அன்பர் அனைவர்க்கும் வேல்முருகன் அருள்வானாக! யாவரையும் ஞானமுனீஸ்வரர் காத்தருள்வாராக!