பாட்டில் விலையும் மாமனார் ஆசையும்

சங்க மலரில் மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. காசைக் கொட்டுவதற்கு முன் யோசிக்கச் சொல்லியே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு சங்க விழா முடிந்து நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, 'பாப்பி வான் விங்கிள்' என்ற அமெரிக்க போர்பன் விஸ்கியின் பெயர் அடிபட்டது. கென்டக்கியில் இருக்கும் மாப்பிள்ளையிடம் அன்றிரவே தொலைபேசியில், "அது உங்கள் ஊர்ச் சரக்குதானாமே?" என்று கேட்டு வைத்தேன். பேச்சுக்குக் கேட்டதுதான். அவரோ மாமனார் ஆசைப்பட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் தேடத் தொடங்கிவிட்டார். "கடையில் கிடைக்காது மாமா. ஒருவர் வீட்டில் வைத்திருக்கிறாராம், விலைதான் கொஞ்சம்..." என்று இழுத்தார். மறுநாள் மகள் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, அது எங்கள் ஒரு மாத வாடகையைவிட அதிகம். உங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பாட்டிலில் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

போர்பன் என்றால் அமெரிக்காவில் தயாராக வேண்டும்; தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும்; உட்புறம் கருக்கிய புது ஓக் மரத் தொட்டியில் ஊற வேண்டும். இது அங்குள்ள சட்டம். சாதாரண விலைப் பாட்டிலும் இதற்குக் கட்டுப்பட்டதுதான். 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று அச்சிட்டிருந்தால் இன்னும் உறுதி. 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 ஆண்டுகள் ஊறி, 50 சதவீத ஆல்கஹாலுடன் வருவது.

பிறகு ஏன் இவ்வளவு விலை? பாப்பி வரிசையில் 15, 20, 23 ஆண்டுகள் ஊறியவை உண்டு. 23 ஆண்டுகளுக்கு முன் எத்தனை பீப்பாய் நிரப்பினார்களோ அதுதான் இன்று கையிருப்பு. கென்டக்கிக் கோடையில் ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். எஞ்சுவது கொஞ்சம், கேட்பவர்களோ ஏராளம். தயாரிப்பாளர் சொல்லும் விலை சில நூறு டாலர்கள்; கைமாறும்போது அது ஆயிரங்களாகிறது. அதிகப்படிப் பணம் இடைத்தரகருக்குத்தானே ஒழிய ருசிக்கு அல்ல. இதே மவுசினால்தான் 2013இல் வடிசாலையிலிருந்தே பெட்டி பெட்டியாகத் திருட்டுப் போயிற்று. காலிப் பாட்டிலில் வேறு சரக்கை ஊற்றி விற்பவர்களும் உண்டு.

வயது கூடினால் ருசி கூடுமா? ஓரளவுக்குத்தான். புது மரத்தில் அளவுக்கு மீறி ஊறினால் மரத்தின் கசப்பும் துவர்ப்பும் மேலோங்கும். 2002 முதல் பாப்பியோடு தொடர்புள்ள பஃபலோ டிரேஸ் வடிசாலையிலேயே, அதைப் போலவே ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்த்து 'வெல்லர்' என்ற விஸ்கியும் தயாராகிறது. கோதுமை சேர்ந்த மென்மைதான் வேண்டுமென்றால் 'மேக்கர்ஸ் மார்க்' எளிதாகவே கிடைக்கும்.

கல்யாணப் பட்டு எடுக்கும்போது என் அம்மா முந்தானையைப் பார்க்க மாட்டார். புடவையைத் திருப்பி உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். இதற்கும் அதுவே வழி. ஒரு பாட்டில் வாங்குமுன் ஒரு அளவு மட்டும் வாங்கி ருசித்துப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டால் இந்த விலை கொடுப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள கடையைத் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவாவது யார் பணம் என்று பாருங்கள்.

கிடைக்காத ஒன்றை வைத்திருப்பதே சந்தோஷம் என்பார் ஒரு நண்பர். இருக்கட்டும். குலுக்கலில் பெயர் விழுந்து, சொன்ன விலைக்கே கிடைத்தால், தன் பணத்தில் வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து மடங்கு விலை, அதுவும் மாப்பிள்ளை தலையில் என்றால் அதற்கு வேறு பெயர்.

2025 பிப்ரவரியில் மத்திய அரசு போர்பன் இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. இப்படிப்பட்ட பெயர்கள் இனி நம் காதில் அதிகம் விழும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் வாயைத் திறக்குமுன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். நமக்கு அது வெறும் பேச்சு. அவர்களுக்கு அது உத்தரவு.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "அது வேண்டாம், நீங்கள் இருவரும் வந்தால் போதும்" என்றேன். "சரி மாமா" என்று அவர் விட்ட பெருமூச்சு இங்கே எனக்குக் கேட்டது. வரும்போது சாதாரண விலையில் ஒரு பாட்டில் கொண்டு வந்தார். நண்பர்கள் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். யாரும் என் மரியாதையைக் குறைத்ததாகத் தெரியவில்லை.